கடைசி வாரத்து அத்தியாயம்

மாடியைப் பார்த்துட்டீங்களா? சரி, பிடிச்சிருக்கோ இல்லையோ, இப்படி வந்து உட்காருங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பி விடறேன். மோர் குடிப்பீங்கள்ல? உப்புப் போட்டிருக்கு.

வாடகை, தண்ணி, கரண்ட்டு எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ஒண்ணு கேட்கறேன். உங்க பையில இருந்து எட்டிப் பார்க்குதே, அது என்ன புத்தகம்? இல்ல இல்ல, கையில வாங்க மாட்டேன், தூரத்துல இருந்தே பார்க்கறேன். அடடே, பாதி தாண்டிட்டீங்க! அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் வச்சிருக்கீங்க. நல்ல பழக்கம். பக்கத்தோட மூலையை மடிக்கிறவங்களுக்கு நான் வீடு குடுக்கறதில்ல. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். போன சித்திரையில ஒரு தம்பி வந்தாரு, நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம். பேசிக்கிட்டிருக்கும்போதே மேசையில இருந்த என் புத்தகத்தைப் பிரிச்சாரு, போன் வந்துச்சு, அப்படியே ஒரு மடிப்பு மடிச்சு வச்சாரு. வேற ஆளு வந்துட்டாங்க தம்பி, மன்னிச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டேன்.

நான் எப்படிப் படிப்பேன்னு கேளுங்க. சோறு சாப்பிடும்போது ஒண்ணு, படுத்துக்கிட்டு ஒண்ணு, பூண்டு உரிக்கும்போது ஒண்ணு. மூணும் வேற வேற. ஒண்ணோட ஒண்ணு கலக்காது. எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ, "கனகவல்லி, உன் தலையில எத்தனை குடும்பம் நடக்குது"ன்னு கேட்பாரு. நம்ம குடும்பத்தைத் தவிர எல்லாமே நல்லா நடக்குதுன்னு சொல்லத் தோணும். சொன்னதில்ல.

படிக்கிறது பெரிசில்லம்மா. படிச்சதை இன்னொருத்தர் கையில குடுக்கறது இருக்கு பாருங்க, அதுலதான் சாமர்த்தியம். ஆளைப் பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சிடும், இவங்களுக்கு இந்தப் புத்தகம்னு. பால்காரம்மாவுக்கு ஒண்ணு குடுத்திருக்கேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற துரைசிங்கத்துக்கு ஒண்ணு குடுத்தேன். குடுத்துட்டு சும்மா விட மாட்டேன். எதுவரைக்கும் வந்துச்சு, அந்தத் தங்கச்சி கல்யாணத்துல என்ன ஆச்சு, அவன் ஏன் அப்படிச் செஞ்சான்னு நினைக்கிறன்னு கேட்பேன். கேட்டாத்தானே நல்லா படிப்பாங்க? துரைசிங்கம் இப்பல்லாம் சிலிண்டரை வாசல்லயே இறக்கி வச்சுட்டு ஓடிடறாரு. பாவம், வேலை ஜாஸ்தி போல.

அதுவும் அந்தக் காலத்துல தொடர்கதைகளை பைண்டிங் பண்ணி வைப்போம், உங்கம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, சொல்வாங்க. வாரப் பத்திரிகை வந்த உடனே படிச்சுட்டு, அந்தத் தொடர் வர்ற பக்கங்களை மட்டும் ஸ்கேல் வச்சுக் கிழிச்சு எடுத்து, வாரா வாரம் சேர்த்து வைப்போம். முடிஞ்சதும் பெரிய கடை வீதியில கொண்டு போய்க் குடுத்தா காலிகோ துணி போட்டுத் தைச்சுத் தருவாங்க. கதை முடியற பக்கத்துல பாதி சமையல் குறிப்பு இருக்கும், முழங்கால் வலித் தைல விளம்பரம் இருக்கும். அதையெல்லாம் சேர்த்துத்தான் படிப்போம். அதோ அந்த பீரோ முழுக்க அதுதான். எல்லாத்துக்கும் முதுகுல என் பேரு இருக்கும்.

அதுல ஒரு தொடர். தலைப்பு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க தேடிப் போய்ப் படிச்சிடுவீங்க. பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. கல்யாணமான புதுசுல ஒரு வேலையா வெளியூர் போன புருஷன் திரும்பி வரல. இவ தினம் ராத்திரி அவனுக்கு ஒரு தட்டு வச்சு, அதுல சோறு போட்டு மூடி வைப்பா. காலையில அதைத்தான் தான் சாப்பிடுவா. அவ்வளவுதான்மா கதை. ஊரே அழுதுச்சு. வருவானா வரமாட்டானான்னு ரேஷன் கடை வரிசையில பொம்பளைங்க சண்டை போட்டுக்கிட்டாங்க. என் பீரோவுல இருக்கறதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். அதை நான் சும்மா யாருக்கும் குடுக்கறதில்ல. எமல்டாவுக்கு மட்டும்தான் குடுத்தேன்.

எமல்டா யாருன்னா, மாடியில குடியிருந்த பொண்ணு. நீங்க இப்ப பார்த்துட்டு வந்தீங்களே, அதே மாடி. ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் அடிச்சதும் அவதான். பொன்மலைப்பட்டிப் பொண்ணு. காலண்டர் பிரஸ்ல பைண்டிங் செக்‌ஷன்ல வேலை. புருஷன் சேவியர், ஏசி மெக்கானிக். இங்க குடி வந்த கொஞ்ச நாள்லயே அவன் மஸ்கட் போயிட்டான். நல்ல பையன் மாதிரிதான் இருந்தான். போகும்போது என்கிட்ட வந்து, "பார்த்துக்கோங்கக்கா"ன்னு சொல்லிட்டுப் போனான். நானும் பார்த்துக்கிட்டேன்.

வந்தப்போ அவளுக்கு ஜெபப் புத்தகத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது. நாள் முழுக்கக் காகிதத்தைத் தொடற பொண்ணு, ஒரு கதை படிச்சதில்ல! எனக்கு மனசு கேட்கல. ஒண்ணு குடுத்தேன். பயந்துக்கிட்டே வாங்கிட்டுப் போனா. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வந்து, "அக்கா, அந்த மாமியாரை என்ன பண்ணலாம்"னு கேட்டா. என்னமோ பக்கத்து வீட்டு மாமியாரைக் கேட்கற மாதிரி! அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, இந்தத் தெருவுல எனக்கு ஒரு ஆள் கிடைச்சிட்டான்னு இருந்துச்சு. இத்தனை வருஷம் நானே படிச்சு நானே பேசிக்கிட்டிருந்தவம்மா நான்.

அதுக்கப்புறம் அது ஒரு வழக்கமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து, சமைச்சு சாப்பிட்டு, மதியம் இந்த நேரத்துக்கு இறங்கி வருவா. அதோ மாடிப்படி கேட் இருக்குல்ல, அந்தக் கம்பியில வீட்டுச் சாவியால தட்டுவா. டிங் டிங்குன்னு. பெல் இருக்குடின்னா கேட்க மாட்டா. வந்து உங்க இடத்துலதான் உட்காருவா. ஆமா, அந்த நாற்காலிதான். எந்திரிக்காதீங்க, உட்காருங்க.

சேவியர் முதல்ல வாரா வாரம் பேசினான். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை. அப்புறம் நம்பர் மாத்திட்டான். அந்த சமயத்துலதான் நான் பூங்கோதை கதையை எடுத்துக் குடுத்தேன். ஆளைப் பார்த்துக் குடுக்கறதுன்னு சொன்னேன்ல? அவளுக்கு அப்போ அதுதான் சரியான புத்தகம். ரெண்டே நாள்ல முடிச்சிட்டு வேலை நாள்னும் பார்க்காம ராத்திரி சமையல் நேரத்துக்கு ஓடி வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. "அக்கா, கடைசி வாரம் காணோமே! என்ன ஆச்சு?"

அந்த வாரம் பத்திரிகை வரல எமல்டா, ஆனா எனக்குக் கதை தெரியும்னு சொன்னேன். அடுப்பை சிம்ல வச்சுட்டுச் சொல்ல ஆரம்பிச்சேன். நல்ல மழை. பூங்கோதை வழக்கம்போல தட்டுல சோறு போட்டு மூடி வச்சிட்டுப் படுக்கப் போறா. கதவு தட்டற சத்தம். திறந்தா அவன் நிக்கிறான். குடை இல்ல, தொப்பலா நனைஞ்சிருக்கான், ஒரு கையில செருப்பைப் பிடிச்சிருக்கான், வார் அறுந்து போச்சு. எங்க போனே, யாரோட இருந்தே, ஒரு கேள்வி கேட்கல அவ. "கால் கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்"னா. அவ்வளவுதான். முற்றும்.

எமல்டா அழுதா பாருங்க! முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா"ன்னா. சொன்னேன்.

அதுல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வேற எதைப் பத்திப் பேசினாலும் கிளம்பறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டுத்தான் போவா. "அக்கா, கடைசி வாரம் என்ன ஆச்சு?" குழந்தைங்க கேட்கும்ல, தெரிஞ்ச கதையையே. செருப்பு வார் அறுந்ததை நான் விட்டுட்டா, "செருப்பு?"ன்னு எடுத்துக் குடுப்பா. புத்தகத்தையும் அவளே வச்சுக்கிட்டா, நானும் திருப்பிக் கேட்கல. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும் தட்டுல வச்சு, அந்தப் புத்தகத்தையும் கையோட எடுத்துக்கிட்டு வந்தா. பேச்சு சுவாரசியத்துல என் காபி டம்ளர் சாய்ஞ்சு புத்தகத்துப் பின்பக்கமெல்லாம் ஊறிப் போச்சு. ஐயோன்னு நான் பிரிச்சுத் துடைக்கப் போனா, வெடுக்குன்னு என் கையில இருந்து பிடுங்கிட்டா. "நான் பார்த்துக்கறேன்க்கா, இது என் வேலை, நீங்க தொடாதீங்க"ன்னு மாடிக்குத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா. மொட்டை மாடியில காய வச்சு, அட்டை வளையாம கல்லு வச்சு அழுத்தி. பைண்டிங்காரி கை, கேட்கணுமா! அதுக்கப்புறமும் எத்தனையோ கிறிஸ்துமஸ் வந்துச்சு, போச்சு.

இருங்க. கேட்டுச்சா? கம்பி சத்தம்? இல்லையா? சரி, ஒண்ணுமில்ல. மோரைக் குடிங்க, சூடாயிடும்.

எங்க விட்டேன்? ஆங், அவ அண்ணன். ஆரோக்கியராஜ்னு ஒரு அண்ணன், ஓசூர்ல இருக்கான். அவன் வந்து வந்து கூப்பிட்டான். அங்க தையல் கம்பெனியில வேலை வாங்கித் தரேன், எங்களோட இரு, தனியா இங்க எதுக்குக் கிடக்கறன்னு. ஒரு தடவை அவன் போன்ல ஒரு போட்டோ கொண்டு வந்து காட்டினான். மஸ்கட்ல சேவியர் யாரோ ஒரு பொம்பளையோட, கையில ஒரு குழந்தையோட. நான் இதே இடத்துல உட்கார்ந்திருக்கேன். எமல்டா போட்டோவை வாங்கிப் பெரிசு பண்ணிப் பார்த்தா. பார்த்துட்டு, "இளைச்சுட்டான்ல?"ன்னா. அவ்வளவுதான். அண்ணன்காரன் தலையில அடிச்சுக்கிட்டான். இவ என்ன சொன்னா தெரியுமா? "வருவான்ணே. கதையில வர்றான்." சொல்லிட்டு என்னைப் பார்த்து லேசா சிரிச்சா. எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. ஒரு புத்தகம் ஒரு மனுஷிக்கு எவ்வளவு தெம்பு குடுக்குது பாருங்க!

நான் போகாதேன்னு சொல்லலம்மா. சத்தியமா சொல்லல. கேட்டா, நான் எப்படி இருக்கேன், நான் காத்திருக்கலையான்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? அவ போயிட்டா ஞாயித்துக்கிழமை எனக்கு யாரு? அதை நான் அவகிட்ட வாய் திறந்து சொன்னதே இல்ல.

அந்தக் கடைசி அத்தியாயத்தை நீங்க பார்த்திருக்கணும், அதுல படம்கூட அவ்வளவு துக்கமா போட்டிருப்பாங்க. ரயில் ஜன்னல், பூங்கோதை நம்மளைப் பார்க்காம வெளிய பார்த்துக்கிட்டு...

என்ன?

வரலைன்னா சொன்னேன்? பத்திரிகையா? எமல்டாகிட்ட அப்படிச் சொன்னேன்னு சொன்னேன். வந்துச்சு. வராம எங்க போகும், வருஷச் சந்தா கட்டியிருந்தேன். பைண்டிங்லயும் இருந்துச்சு. அப்புறம் எடுத்துட்டேன். என் புத்தகம், என் வீடு, எனக்குப் பிடிக்காததை எடுத்தேன். நீங்க கறிவேப்பிலையைத் தட்டுல ஒதுக்கி வைக்கறதில்லையா?

சரி, சொல்றேன். இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டுட்டீங்க. உண்மையில அதுல அவன் வரவே மாட்டான். ஒரு காலையில பூங்கோதை அந்தத் தட்டைக் கழுவி, துடைச்சு, பரண்ல கவுத்து வச்சிட்டு, வீட்டைப் பூட்டி சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு ரயில் ஏறிடுவா. எங்க போறான்னுகூட எழுதல. இது ஒரு முடிவாம்மா? இத்தனை வாரம் சோறு போட்டு மூடி வச்சவ இப்படிப் போவாளா?

எங்க வீட்டுக்காரர் அந்த வருஷம் கரூர்ல இருந்தாரு. வேலைன்னு சொல்லிக்கிட்டுப் போனாரு. நானும் கேட்கறவங்ககிட்ட வேலைன்னுதான் சொன்னேன். யாரோட இருந்தாருன்னு தெருவுக்கே தெரியும். அந்தக் கடைசி வாரம் வந்தப்போ, படிச்சிட்டு நான் சாப்பிடல. டிரங்குப் பெட்டியை இறக்கி, துடைச்சு, நாலு புடவையை எடுத்து வச்சேன். எதுக்கு வச்சேன்னு கேட்டா எனக்கே தெரியாது. சும்மா வச்சுப் பார்த்தேன். மூடி போடறதுக்கு முன்னாடி, சாயங்காலம் மழை பிடிச்சிக்கிச்சு. வாசல்ல வந்து நிக்கிறாரு. தொப்பலா நனைஞ்சு, குடை இல்ல, அறுந்த செருப்பு கையில. "கால் கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்"னேன். வந்தாரு. சாப்பிட்டாரு. சர்க்கரையும் கிட்னியுமா வந்திருந்தாரு. கண்ணை மூடற வரைக்கும் நான்தான் பார்த்துக்கிட்டேன். ஏன் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேட்கல. அதனால என்ன? வந்தாருல்ல?

என்ன பார்க்கறீங்க? ரெண்டும் ஒண்ணா இருக்குங்கறீங்களா? மழை பெய்ஞ்சா யாரா இருந்தாலும் நனையத்தாம்மா செய்வாங்க.

புருஷன் திரும்பி வந்த வீட்ல அப்படி ஒரு அத்தியாயம் இருக்கலாமா? அவரு ஷேவ் பண்ற பிளேடை எடுத்து, சத்தமில்லாம அறுத்து, வெந்நீர் அடுப்புல போட்டேன். அந்த ரயில் படம் கடைசியா எரிஞ்சுச்சு. நின்னு பார்த்தேன்.

எமல்டாவுக்குப் போன ஆவணியில மஞ்சக்காமாலை. முதல்ல சாதாரணமாத்தான் இருந்துச்சு. அண்ணன் கார் எடுத்துக்கிட்டு வந்தான், ஓசூர் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன்னு. வர மாட்டேன்னுட்டா. "வீடு பூட்டியிருக்கற நேரம் பார்த்து அவன் வந்துட்டா?"ன்னா. அண்ணன் என்னைப் பார்த்தான். நீங்களாவது சொல்லுங்கக்கான்னு கெஞ்சினான். நான் என்ன சொல்றது? அவ இஷ்டம்தானேப்பான்னேன். கீழாநெல்லி அரைச்சு வேளா வேளைக்கு நான்தான் குடுத்தேன், கூடப் பொறந்தவ மாதிரி. அப்புறம் திடீர்னு முத்திப் போச்சு. பெரியாஸ்பத்திரியில சேர்த்தப்போ கண்ணு, நகம் எல்லாம் மஞ்சள்.

அன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான். நான் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். விரலைத் தூக்கி, கட்டில் கம்பியில தட்டினா. டிங் டிங்குன்னு சத்தம் வரல, விரல்தானே. என்னம்மான்னு குனிஞ்சேன். "கடைசி வாரம் சொல்லுங்கக்கா." சொன்னேன். மழை, கதவு, குடை இல்ல எல்லாம் சொன்னேன். செருப்பு வந்ததும் சிரிச்சா. சோறு போடறேன்கற இடம் வரும்போது அவ இல்ல.

அண்ணன்காரன் மாடியைக் காலி பண்ண வந்தப்போ இந்தத் தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்து வாசல்ல வீசினான். "உங்க கதையைச் சொல்லிச் சொல்லியே என் தங்கச்சியைக் கொன்னுட்டீங்க. அவளை ரயில் ஏத்தி விட்டிருந்தா உசுரோட இருந்திருப்பா"ன்னான். எனக்கு ஆத்திரம் தாங்கல. யாரை யாரு கொன்னது? ஒத்தையில கிடந்த பொண்ணுக்கு நான் துணையா இருந்தேன். படிக்கக் கத்துக் குடுத்தேன். ஒரு நம்பிக்கை குடுத்தேன். இந்தத் தெருவுல எவ குடுத்தா? இப்ப எல்லாம் என்னைப் பார்த்தா எதிர் வரிசைக்குப் போயிடறாங்க. வீடு பார்க்க வர்றவங்களையும் ராசி இல்லாத வீடுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடறாங்க. வந்தவங்க யாரும் ரெண்டாவது தடவை வர்றதில்ல. நான் எல்லார்கிட்டயும் இப்படி நல்லா உட்கார வச்சுத்தான் பேசறேன்.

ஆனா ஒண்ணு. அந்த அண்ணன் "ரயில் ஏத்தி விட்டிருந்தா"ன்னு ஏன் சொன்னான்? ஓசூருக்கு அவன் கார்லதானே கூப்பிட்டான்? ரயிலை அவன்கிட்ட யாரு சொன்னது? நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எமல்டாவுக்கு அது தெரியவே தெரியாது. அந்த வார்த்தை என்னைத் தூங்க விடமாட்டேங்குதும்மா.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை மதியமும் கம்பி தட்டற சத்தம் கேட்குது. போய்ப் பார்த்தா யாரும் இல்ல. பூனைன்னு நினைச்சேன். காத்துன்னு நினைச்சேன். கேட்டுக்குச் சணல் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தேன். அப்பவும் கேட்குது. இப்ப நான் போய்ப் பார்க்கறதில்ல. இங்கயே உட்கார்ந்து, அந்த நாற்காலியைப் பார்த்து, கடைசி வாரத்தைச் சொல்றேன். சொன்னா நின்னுடுது. பயமான்னா, பயம்தான். ஆனா வராத ஞாயித்துக்கிழமை அதைவிடப் பயமா இருக்கு.

அந்தப் புத்தகம் இங்கதான் இருக்கு. தையல் மெஷின் மேல, வெள்ளைத் துணியில சுத்தி. அவ பூசைக்கு முக்காடு போடற துணி அது. வீசினப்போ அப்படியே எடுத்து வச்சது, பிரிக்கல. நீங்க படிக்கிறவங்க, மூலை மடிக்காதவங்க. உங்களைப் பார்த்ததுமே தோணிடுச்சு. எனக்காகக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்கம்மா. கடைசிப் பக்கம் மட்டும். அங்க ஒண்ணும் இருக்காது. பிளேடால அறுத்த ஓரம்தான் இருக்கும். அதை நீங்க உங்க வாயால சொல்லிட்டா எனக்குப் போதும், ஒரு வேளை தூக்கமாவது வரும்.

பிரிங்க. மெதுவா.

என்ன? இருக்கா? என்ன இருக்கு? இருக்காதும்மா, நான்தான் எரிச்சேன்னு சொன்னேனே. என் கையால அடுப்புல போட்டேன். சரியாப் பாருங்க, முந்தின வாரமா இருக்கும். ஜெராக்ஸா? ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கா? முத்திரை இருக்கா? எந்த லைப்ரரி? எழுத்து தெரியலையா? போகட்டும், விடுங்க. தூரத்துல இருந்தே காட்டுங்க.

அதே ரயில். அதே ஜன்னல்.

எவ்வளவு நேர்த்தியா ஒட்டியிருக்கா பாருங்க. ஒரு சுருக்கம் இல்ல. அவ கைதான். அறுத்த ஓரத்தைப் பார்த்த அன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், வராத பக்கம் எது, வெட்டின பக்கம் எதுன்னு. அதான் எங்கயோ தேடிப் போய்க் கண்டுபிடிச்சிருக்கா. அந்தப் பழுப்பு என்ன? அந்தப் படத்து மேல, ஓரத்துல? வட்டமா? காபியா?

என் காபியா?

அப்போ அந்தக் கிறிஸ்துமஸுக்கே இது உள்ள இருந்திருக்கு. அதனாலதான் என் கையில இருந்து பிடுங்கினா. அவன் வரமாட்டான்னு அவளுக்கு அன்னிக்கே தெரியும். அப்புறம் எதுக்குடி கேட்ட? எத்தனை கிறிஸ்துமஸ்டி எமல்டா, எத்தனை ஞாயித்துக்கிழமை! அந்த நாற்காலியில உட்கார்ந்து, ஒண்ணும் தெரியாதவ மாதிரி, செருப்பு எங்கக்கா, செருப்பு எங்கக்கான்னு எடுத்துக் குடுத்தியே! ரயில் டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு என் வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியா? எனக்காகவா உட்கார்ந்திருந்த? உனக்காகவா?

இருங்கம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. அதைப் படிங்க. சத்தமா வேணாம், மனசுக்குள்ள படிங்க. சின்ன அத்தியாயம்தான். நான் காத்துக்கிட்டிருக்கேன்.

முடிச்சிட்டீங்களா?

கடைசி வாரம் என்ன ஆச்சும்மா? அவன் வந்தானா?

வந்துட்டானா! மழையிலயா? குடை எடுத்துட்டு வரலையா? செருப்பு? ஆங், கையில. அப்புறம் அவ என்ன சொன்னா? சொல்லுங்க, நீங்க சொல்லுங்க. கால் கழுவிட்டு வரச் சொன்னாளா? சோறு போட்டாளா?

நீங்க ரொம்ப நல்லா சொல்றீங்கம்மா. ரயில் படத்து மேலயே கையை வச்சு மறைச்சுக்கிட்டு, என் கண்ணைப் பார்த்துச் சொல்றீங்க. எனக்கு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல. சொல்லிக் கேட்கறதுக்கு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

மாடிச் சாவி இந்தாங்க. வாடகை நீங்க பார்த்துக் குடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை மதியம் வீட்ல இருங்க. நான் படியேறி வந்து உங்க கேட் கம்பியில தட்டுவேன். இதே மாதிரி சொல்லணும், எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்காம சொல்லணும். நான் அவகிட்ட ஒரு நாளும் அலுத்துக்கிட்டதில்ல.